கிண்ணத்தின் அடியில் ஒரு புள்ளி

மேகம் கூடினால் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். பெரியவள் ஏணியைப் பார்ப்பாள். மழைக்கு முன்னால் மாடித்தளத்தைப் பெருக்கியாக வேண்டும். புறா எச்சம், படிந்த புழுதி, காற்று கொண்டுவந்து போட்ட சருகு எல்லாவற்றையும் வழித்தெடுக்க வேண்டும். அந்தத் தளத்தில் விழும் மழைதான் குழாய் வழியாக இறங்கி முற்றத்துக்கு அடியில் இருக்கும் தொட்டிக்குப் போகும். அடுத்த மழைக்காலம் வரை வீடு அதைத்தான் குடிக்கும்.

இந்த முறை பாதி ஏணியிலேயே அவளுடைய முழங்கால், இதற்கு மேல் நீயே போய்க்கொள் என்று சொல்லிவிட்டது.

"இறங்குங்கக்கா. விழுந்து வச்சீங்கன்னா உங்களையும் சேத்து நான்தான் பெருக்கணும்" என்றாள் கீழே நின்ற சின்னவள்.

சின்னவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. கொழுந்தன் நகரத்தில் மின்சார வேலை பார்க்கிறான். வேலையாட்கள் பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு பாயளவு இடத்தில்தான் இத்தனை காலமும் படுத்துக் கிடந்தான். எப்போதாவது வருவான், துவைத்த சட்டைகளோடு திரும்பிப் போவான். இந்த வீட்டில் இருப்பது மூன்று பேர். பெரியவள், முன்னறையில் தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் அவள் கணவர், அப்புறம் சின்னவள். பெரியவளின் மகள் கல்யாணமாகிப் போன இடம் தூரம். போனில் குரல் மட்டும் வரும்.

ஏணியிலிருந்து இறங்கிய பெரியவள் துடைப்பத்தைச் சின்னவளிடம் கொடுத்தாள். மேலே துடைப்பம் உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு முற்றத்துக் கல்லில் உட்கார்ந்தாள். இந்த வேலையை இனி நான் செய்யப்போவதில்லை என்று தோன்றியபோது வருத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. சுமையை இறக்கி வைத்தவளின் தோளில் வருகிற ஒரு லேசான குளிர்ச்சி மட்டும் வந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கொழுந்தன் போன வாரம் போனில் பேசியிருந்தான். "அண்ணி, ரெண்டு ரூம் வீடு கிடைச்சிருக்கு. குழாயில தண்ணி வருது. இந்த வருஷமும் தொட்டி நிறையலைன்னா பூட்டிட்டு மூணு பேரும் கிளம்பி வந்துடுங்க. போன வருஷம் மாதிரி பாதித் தொட்டியை வச்சு இழுத்துப் பிடிக்கிறது இன்னொரு தடவை வேணாம். நிறைஞ்சா சரி, இன்னும் ஒரு வருஷம் பாப்போம்."

இன்னும் ஒரு வருஷம் என்றால் சின்னவளும் இன்னும் ஒரு வருஷம் இங்கே. பெரியவளின் முழங்காலை நம்பி இந்த வீட்டை விட முடியாது. இதை அவன் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று கேட்ட சின்னவளும் சொல்லவில்லை. போனை வாங்கிக்கொண்டு ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போய் மெதுவாக ஏதோ பேசினாள். திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள், அதுவும் காய் கழுவ வைத்திருந்த தண்ணீரில்.

அந்த வீட்டில் தண்ணீர் சும்மா மண்ணுக்குப் போகாது. காய் கழுவிய தண்ணீர் ஆடுகளுக்கு. பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்தெடுத்த பிறகுதான் தண்ணீர் காட்டுவார்கள். அந்த அலசல் முற்றத்து மாதுளை மரத்துக்கு. குளிப்பது மாதுளைக்குப் பக்கத்தில் போட்ட கல்லில், உடம்பில் ஊற்றியது வேருக்குப் போகும்படி. துணியைக் கடைசியாக அலசிய தண்ணீர் மறுநாள் துணியை முதலில் நனைக்கும். தொட்டியில் வாளியை விடும்போதுகூட அடி கலங்காமல் சாய்த்து இறக்க வேண்டும், பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல. ஒருமுறை வெளியூரிலிருந்து வந்தவர்கள் இதையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு, "என்ன அருமையான வாழ்க்கை!" என்றார்கள். அருமைதான். ஆனால் அந்த அருமையை ஒவ்வொரு நாளும் யாராவது குனிந்து தூக்கியாக வேண்டுமே. படத்தில் இடுப்பு வலி விழாது.

*

மழை ஒரு பிற்பகலில் வந்தது. தூறலாகத் தொடங்கவில்லை. யாரோ வாசலில் நின்று கூப்பிடாமல் நேராகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்ததுபோல் வந்தது. தையல்காரர் இயந்திரத்தின் மேல் போர்வையைப் போட்டார். சின்னவள் கொடியில் கிடந்த துணிகளை வாரிக்கொண்டு சமையலறை வாசலுக்குள் ஓடினாள். பெரியவள் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு முற்றத்து மூலைக்குப் போனாள்.

மாடிக் குழாய் இறங்கும் இடத்தில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. குழிக்கு இரண்டு வாய்கள். ஒன்று தொட்டிக்குள் போவது, மற்றது தெருவுக்கு. பழந்துணி சுற்றிய ஒரே ஒரு மரக்கட்டைதான் இரண்டுக்கும் அடைப்பு. தொட்டி வாயில் கட்டை இருந்தால் மழை தெருவுக்குப் போகும். கட்டையைப் பிடுங்கித் தெரு வாயில் செருகினால் மழை தொட்டிக்குள் விழும்.

முதல் மழையை உள்ளே விடக் கூடாது. எவ்வளவு பெருக்கினாலும் தளத்தின் இண்டு இடுக்கில் அழுக்கு இருக்கும். அது கழுவிப் போகட்டும் என்று விட வேண்டும். எப்போது திறப்பது என்பதற்குத்தான் அந்தக் கிண்ணம். அதன் அடியில் பீங்கான் பெயர்ந்து மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. குழியில் விழும் தண்ணீரைப் பிடித்துப் பார்த்துப் பார்த்துக் கொட்ட வேண்டும். நிரம்பிய கிண்ணத்தின் அடியில் அந்தப் புள்ளி தெளிவாகத் தெரிந்தால் கட்டையை மாற்றலாம். சீக்கிரம் திறந்தால் வருஷம் முழுக்கக் குடிக்கிற தண்ணீரில் புழு நெளியும். தாமதித்துத் திறந்தால், மழை அதற்குள் நின்றுவிட்டால், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த சில வருஷங்களில் இந்தப் பொறுப்பு அவள் கைக்கு வந்தது. அவள் கை ஒருமுறையும் தவறியதில்லை என்று தெருவே சொல்லும்.

முதல் கிண்ணம் தேநீர் நிறத்தில் இருந்தது. கொட்டினாள். அடுத்ததும் அப்படியே. பிறகு வைக்கோல் நிறம். சாக்கு நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. குந்தி உட்கார்ந்ததில் முழங்காலுக்குள் யாரோ ஊசி கோப்பதுபோல் இருந்தது. கொட்டினாள், பிடித்தாள்.

புள்ளி தெரிந்தது.

முதலில் மங்கலாக, பிறகு அடுத்த கிண்ணத்தில் நன்றாக. யாரோ மையால் தொட்டு வைத்ததுபோல். பெரியவளின் வலது கை கட்டையின் மேல் போனது. பழந்துணி ஊறி வழுவழுவென்று இருந்தது. இழுத்தால் வந்துவிடும்.

அவள் இழுக்கவில்லை.

இழுத்தால் தொட்டி நிறையும். தொட்டி நிறைந்தால் நாளைக் காலையில் வாளி, சாம்பல், ஆடு, மாதுளை, ஏணி. அதற்கு மறுநாளும். சமையலறை வாசலில் துணிக்குவியலை அணைத்துக்கொண்டு நிற்கிற அந்தப் பெண்ணும் இன்னொரு வருஷம் போனை எடுத்துக்கொண்டு ஆட்டுக் கொட்டகைக்குப் போவாள். இப்படியெல்லாம் வரிசையாக யோசித்தாளா என்று பின்னால் எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்தாள். யோசித்ததாக நினைவில்லை. கை கட்டையின் மேல் இருந்தது. கைக்கு அசைய மனமில்லை. நினைவில் இருந்தது அவ்வளவுதான். கிண்ணத்தை மறுபடி பிடித்தாள், பார்த்தாள், கொட்டினாள். மறுபடி பிடித்தாள். கண்ணாடிபோல் இருந்த தண்ணீர் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வந்ததுபோலவே மழை சட்டென்று நின்றது. குழாயில் கடைசிச் சொட்டுகள் விழுந்தன.

"திறந்தாச்சா?" என்று முன்னறையிலிருந்து தையல்காரர் கேட்டார்.

பெரியவள் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். "இன்னும் தெளியலை" என்றாள்.

சமையலறை வாசலில் நின்ற சின்னவள் அந்தக் கவிழ்ந்த கிண்ணத்தைப் பார்த்தாள். நனைந்த துணிகளைத் தரம் பிரிக்க உள்ளே போய்விட்டாள்.

*

"இன்னொரு மழை வரும்" என்று எல்லாரும் சொன்னார்கள். மேகமும் வந்தது, பேருக்கு. வந்து நின்று, வீட்டைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் போய்விட்டது. காற்று மட்டும் தங்கிப் புழுதியை மறுபடி தளத்தில் கொண்டுபோய்ப் போட்டது.

எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று கத்தினாள். "அக்கா, உங்க வீட்டு மழை எங்க வாசலை என்ன சுத்தமா கழுவிட்டுப் போச்சு தெரியுமா! நான் கூட்டவே வேண்டியதில்லாமப் போச்சு."

"உன் தொட்டி நிறைஞ்சுதா?"

"முக்கால். நான் உங்களை மாதிரி பொறுமைசாலி இல்லக்கா. கொஞ்சம் தெளிஞ்சதும் திறந்து விட்டுட்டேன். என் வீட்டுக்காரர் வயித்துக்குப் புழுவெல்லாம் ஒரு பொருட்டா? அவர் என் சமையலையே தாங்குறாரே!"

சின்னவள் சிரித்துவிட்டாள். பெரியவளும் சிரிக்கப் பார்த்தாள்.

வாளி தொட்டியின் அடியைத் தட்டும் சத்தம் நாளுக்கு நாள் மாறியது. முன்பு தண்ணீரில் மொத்தென்று விழும். பிறகு தண்ணீருக்குப் பின்னால் கல் கேட்டது. கடைசியில் கல் மட்டுமே கேட்கத் தொடங்கியபோது லாரியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. லாரித் தண்ணீரைத் தொட்டியில் விடக் கூடாது என்று தையல்காரர் சொன்னார். மழைத் தண்ணீர் குடித்த சுண்ணாம்புச் சுவருக்கு லாரித் தண்ணீரின் உப்பு ஆகாது. பழைய டிரம்களைக் கழுவி முற்றத்தில் நிறுத்தினார்கள்.

லாரிக்காரன் குழாயை இழுத்துக்கொண்டே பேசினான். "என்னக்கா இது, தெருவெல்லாம் மழையைப் பிடிச்சு வச்சிருக்கு, நீங்க மட்டும் என்னைப் பிடிச்சிருக்கீங்க?"

"உன் முகத்தைப் பாத்து ரொம்ப நாளாச்சேன்னுதான்" என்றாள் சின்னவள்.

"என் முகத்தைப் பாக்கவா? அடிக்கடி பாக்கலாம். ஆனா வண்டிக்கு வரிசை நிக்குது, சொன்ன நாளைக்கு வந்தா அது ஆச்சரியம். இந்த வீட்டு வாசலுக்கு நான் வந்ததே இல்லை தெரியுமா. என் அப்பா ஓட்டுன காலத்துலகூட இந்த வீட்டைக் கடந்துதான் போவோம். 'அந்த அம்மா கை ராசி'ம்பார்."

பெரியவள் டிரம்மின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அன்று மாலை கொழுந்தன் போன் செய்தான். தையல்காரர் பேசினார். எதிர்முனையில் அவன் சத்தமாகப் பேசியது முற்றம் வரை கேட்டது. "அவ்வளவு பெரிய மழையாமே! எதிர்வீட்டுல முக்கால் தொட்டியாமே! அண்ணி ஏன் திறக்கலை?"

தையல்காரர் எப்போதும் பல்லிடுக்கில் ஒரு துண்டு நூலை வைத்திருப்பார். அதை எடுத்துவிட்டுப் பேசினார் என்றால் முக்கியமான விஷயம் என்று அர்த்தம். எடுத்தார்.

"தெளியாத தண்ணியை உள்ள விடுறதுக்கு அவ ஒண்ணும் எதிர்வீட்டுக்காரி இல்லை. அவ செஞ்சது சரி. மழை ஏமாத்திடுச்சு, அவ்வளவுதான். அவளை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

பெரியவள் முற்றத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் வாழ்நாளில் அவளைப் பற்றி இத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. பேசியதும் இதற்காக.

கொழுந்தன், "சரிண்ணா. வந்துடுங்க" என்றான்.

"வர்றோம்" என்றார் தையல்காரர். நூலை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தூங்கப் போகும் வரை அவர் தைக்கவில்லை. இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து அதன் சக்கரத்தை ஒரு விரலால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். ஊசி துணியில்லாமல் ஏறி இறங்கியது. இந்த வீட்டை விட்டுப் போக அவருக்கு விருப்பமில்லை என்பது அவளுக்குத் தெரியும். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

*

ஆடுகள் எதிர்வீட்டுக்குப் போயின. "வரும்போது திருப்பிக் கொடுத்துடுவேன், குட்டி போட்டா குட்டி எனக்கு" என்று எதிர்வீட்டுக்காரி சட்டம் பேசினாள். பேசிக்கொண்டே மூக்கைச் சிந்தினாள்.

கிளம்பும் நாள் காலையில் தையல்காரர் இயந்திரத்தின் தலையைத் தாங்கியிலிருந்து கழற்றித் தன் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தார். வண்டி வருவதற்கு நேரம் இருந்தது. பெரியவள் முற்றத்துக்கு வந்தாள். சின்னவள் ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள், கடைசி டிரம் தண்ணீரை மாதுளைக்கு ஊற்றிவிட்டு. புதுப் புடவை கட்டியிருந்தாள். அதற்கு வெட்கப்படுவதுபோல் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஆடில்லாத கொட்டகையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த முற்றம் இவ்வளவு அமைதியாக இருந்து பெரியவள் பார்த்ததில்லை.

"அக்கா" என்றாள் சின்னவள், மாதுளையைப் பார்த்துக்கொண்டே. "அன்னைக்குப் புள்ளி தெரிஞ்சுதுல்ல?"

பெரியவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "கண்ணு முன்ன மாதிரி இல்லை" என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சுது. வாசல்ல இருந்தே."

"அவ்வளவு தூரத்துல இருந்தா?"

"தண்ணி தெரிஞ்சுது. உங்க முகமும் தெரிஞ்சுது."

மாதுளையின் அடியில் ஊற்றிய தண்ணீரை மண் குடித்துக்கொண்டிருந்தது. மெல்லிய சத்தம் கேட்டது.

"அப்ப ஏன் சொல்லலை? 'திறங்கக்கா'ன்னு ஒரு வார்த்தை."

"நீங்க ஏன் திறக்கலை?"

பெரியவள் அவளைப் பார்த்தாள். உனக்காகத்தான் என்று சொல்லிவிடலாம். அழகான பதில். சின்னவள் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டதுபோல் அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். கொஞ்சம் உண்மையும் அதில் உண்டு. எவ்வளவு என்றுதான் தெரியவில்லை. கலங்கிய தண்ணீரில் எது மண், எது தண்ணீர் என்று பிரிக்க முடியுமா என்ன.

"அலுத்துப் போச்சுடி" என்றாள்.

சின்னவள் தலையை ஆட்டினாள். "எனக்கும்" என்றாள். பிறகு, "மாமாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவர் என்னை நம்புறார். அதை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னுதான் தெரியலை."

முன்னறையிலிருந்து அவர் குரல் வந்தது. "தொட்டியைக் காய விட்டுடாதே. காஞ்சா சுண்ணாம்பு வெடிச்சிடும். அப்புறம் வந்து என்ன பண்ணுறது?"

'வந்து' என்றாரே. அவர் மனதில் இது போவதல்ல, போய்விட்டு வருவது.

அவள் குழிக்கு முன்னால் மெல்லக் குந்தினாள். சின்னவள் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தொட்டியின் அடியில் வாளிக்கு எட்டாத கொஞ்சம் தண்ணீர் இன்னும் இருந்தது. வெயிலுக்கு அது எத்தனை நாள் தாங்கும்? சுவர் ஈரமாக இருக்க வேண்டுமென்றால் மழை உள்ளே போக வேண்டும். கிண்ணம் பிடித்துப் பார்த்துத் திறக்க இங்கே ஆள் இருக்காது. இப்போதே திறந்து வைத்துவிட்டுப் போனால் முதல் மழை, புறா எச்சம், புழுதி, சருகு, எல்லாம் சேர்ந்து உள்ளே இறங்கும். தொட்டி பிழைக்கும். அந்தத் தண்ணீரை ஒருவரும் குடிக்க முடியாது. திரும்பி வருகிறவர்கள் மொத்தத்தையும் இறைத்துக் கொட்டி, உள்ளே இறங்கிச் சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடி ஒரு மழைக்குக் காத்திருக்க வேண்டும். நினைத்தபோதே அவளுக்கு இடுப்பு வலித்தது.

கட்டையைப் பிடித்து இழுத்தாள். ஊறிய துணி புழுதியோடு வெயிலில் காய்ந்து இறுகியிருந்தது, வரவில்லை. அன்றைக்கு ஈரத்தில் ஒரு விரலுக்கு வந்திருக்கும். இன்று சின்னவளும் குந்தி, நாலு கையாகப் பிடித்து ஆட்டி இழுத்த பிறகுதான் வந்தது. பெரியவள் அதைத் தெருப் பக்கத்து வாயில் வைத்து உள்ளங்கையால் அடித்துச் செருகினாள். மூடியிருந்தே பழகிய தொட்டி வாயிலிருந்து பழைய தண்ணீரின் குளிர்ந்த வாசனை வந்தது. இருவரும் ஒரு நிமிஷம் அதை முகர்ந்துகொண்டு அப்படியே இருந்தார்கள்.

வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது. லாரிக்காரன்தான். இன்று தண்ணீருக்குப் பதில் அவர்களை ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தான்.

"இதையெல்லாம் அப்புறம் யாரு கழுவுறது, அக்கா?" என்றாள் சின்னவள், கையில் ஒட்டிய துணி இழையைத் தட்டிக்கொண்டே.

"யாருக்கு அங்க முதல்ல அலுக்குதோ அவ."

சின்னவள் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். பெரியவள் அதைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டே எழுந்தாள். தொட்டி மூடியின் மேல் கிண்ணம் இருந்தது. எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லையும் வைத்தாள்.